ஓகிஃபினோக்கி சதுப்பில் கயாக்கில் ஒரு நாள் மீன்பிடிக்கப் போவது எப்படி?

கேட்டவர் அட்லாண்டா பக்கம் இருக்கிறார். லேனியர் ஏரியில் கயாக்கில் போய் பாஸ் மீன் பிடித்துப் பழக்கம். ஜார்ஜியாவின் தென்கோடியில் இருக்கும் ஓகிஃபினோக்கி சதுப்புக்கு ஒரு நாள் போய்வர ஆசை. எங்கே இறங்குவது, எந்த மாதம் போவது, என்ன மீன் கிடைக்கும், முதலை ஏதாவது செய்யுமா, பிடித்ததைச் சமைக்கலாமா, எட்டு வயது மகனைக் கூட்டிப்போகலாமா என்பது கேள்வி.

முதலில் ஒன்று. லேனியருக்குக் கட்டும் மூட்டையில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அங்கே பாஸுக்கு என்று வாங்கி வைத்திருக்கும் ரப்பர் புழு, கிராங்க்பெயிட் என்ற மீன் வடிவப் பொம்மை இரை, மீன் காட்டும் சோனார் எதுவும் இங்கே பெரிதாக உதவாது. காரணம் தண்ணீர். ஓகிஃபினோக்கியில் எந்த மீன் வாழும், எங்கே நிற்கும், எதைக் கடிக்கும், அதை எவ்வளவு சாப்பிடலாம் என்பது வரை எல்லாவற்றையும் அந்தத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சதுப்பின் பரப்பு சுமார் 4,38,000 ஏக்கர். பெரிய ஆறு எதுவும் இதற்குள் வந்து விழுவதில்லை. பெரும்பாலும் மழைநீர்தான். ஆனால் இங்கிருந்து இரண்டு ஆறுகள் கிளம்புகின்றன. சுவானி ஆறு மேற்கே கிளம்பி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. செயின்ட் மேரிஸ் கிழக்கே அட்லாண்டிக்குக்குப் போகிறது. அடியில் மண் என்று சொல்ல ஒன்றும் எளிதில் தட்டுப்படாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்து மட்காமல் அமுங்கிப்போன இலைதழைதான், பீட் என்பார்கள். சில இடங்களில் 15 அடி ஆழம் வரை இருக்கிறது. மழைநீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை. பீட்டிலிருந்து அமிலம் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து, தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4 பக்கத்தில் நிற்கிறது (7க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்). நிறம் கடுங்காப்பி மாதிரி. கையில் அள்ளினால் தெளிவாக, லேசான பொன்னிறத்தில் இருக்கும். துடுப்பை ஒரு முழம் உள்ளே விட்டால் முனை தெரியாது.

இந்த அமிலத்தில் லார்ஜ்மவுத் பாஸ் தழைக்காது. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை நம்பி ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வராதீர்கள். இங்கே வாழ்வது வேறு கூட்டம். ஃப்ளையர், வார்மவுத் என்ற இரண்டு சிறிய சன்ஃபிஷ் வகைகள். ஜாக்ஃபிஷ் என்று ஊர்க்காரர்கள் கூப்பிடும் செயின் பிக்கரல். மட்ஃபிஷ் என்ற போஃபின். மஞ்சள் நிறக் குட்டைக் கெளுத்தி. கார் (gar) என்ற நீள மூக்கு மீன். பாஸ் ஆட்கள் இவற்றில் பாதியைக் குப்பை மீன் என்று ஒதுக்குவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. கயாக்கில் உட்கார்ந்து இழுக்கும்போது மூன்று கிலோ போஃபின் தரும் ஆட்டத்தை அதே எடை பாஸ் தந்து நான் பார்த்ததில்லை.

சரி, எங்கே இறங்குவது? முக்கிய வாசல்கள் மூன்று. வடக்கே வேக்ராஸ் ஊர்ப்பக்கம் ஒன்று. அது சுற்றுலாப் பயணிகளுக்கானது, உங்களுக்கு வேண்டாம். கிழக்கே ஃபோக்ஸ்டன் பக்கம் சுவானி கால்வாய். 1891இல் ஒரு கம்பெனி இந்தச் சதுப்பையே வடித்து விவசாய நிலமாக்கி விற்கலாம் என்று கிளம்பி, சுமார் 12 மைல் கால்வாய் வெட்டிவிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டது. அந்தக் கால்வாயில்தான் இன்று படகுகள் போகின்றன. நேராக, அகலமாக, வழி தவற முடியாதபடி இருக்கும். மீனும் உண்டு. மேற்கே ஃபார்கோ ஊரிலிருந்து 18 மைல் உள்ளே, ஸ்டீபன் சி. ஃபாஸ்டர் மாநிலப் பூங்கா. என் ஓட்டு மேற்கு வாசலுக்கு. அங்கே பில்லிஸ் ஏரி, மின்னிஸ் ஏரி என்று இயற்கையான நீளமான நீர்ப்பரப்புகள் இருக்கின்றன. தண்ணீருக்கு லேசான ஓட்டம் உண்டு. இரவு தங்க முகாம் இடமும் குடில்களும் பூங்காவுக்குள்ளேயே கிடைக்கும். முந்தின நாள் மாலையே போய்த் தங்கிவிட்டால் விடியும்போது தண்ணீரில் இருக்கலாம். அட்லாண்டாவிலிருந்து அதே நாள் கிளம்பி வருவேன் என்றால், நல்ல மீன்பிடி நேரத்தை நெடுஞ்சாலையில் தொலைத்துவிட்டு உச்சி வெயிலில் வந்து இறங்குவீர்கள்.

இன்னொரு லாபம், இரவு வானம். அந்தப் பூங்காவைச் சர்வதேச இருள்வான அமைப்பு 2016இல் அங்கீகரித்திருக்கிறது. பக்கத்தில் எந்த ஊர் வெளிச்சமும் கிடையாது. அதற்கு மறுபக்கமும் உண்டு: செல்போன் சிக்னலும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், காகிதத்தில் ஒரு பிரதியும் கையில் இருக்கட்டும். ஃபார்கோவுக்கு வருமுன்பே டாங்கை நிரப்பிவிடுங்கள். கடைசி 18 மைல் சாலையில் விடியலிலும் அந்தியிலும் மான் குறுக்கே பாயும்.

மாதம்: பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய முதல்தரம். அக்டோபர், நவம்பர் அடுத்தது. மே, ஜூனில் மஞ்சள் ஈ என்று ஒன்று கிளம்பும். மாட்டு ஈ வகை, சட்டைக்கு மேலேயே கடிக்கும், பூச்சி மருந்துக்கு அவ்வளவாக மசியாது. அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் தினமும் மதியம் இடி மின்னல். சதுப்புக்குள் திறந்த நீரில் உயரமாக நிற்பது நீங்களும் உங்கள் தூண்டிலும்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மாதத்தைவிட முக்கியம் நீர்மட்டம். மழை கொட்டி மட்டம் ஏறியிருந்தால் மீன் எல்லாம் மரக்காட்டுக்குள்ளும் புல்வெளிக்குள்ளும் பரவிப்போய்விடும்; உங்கள் கயாக் அங்கே நுழையாது. வறட்சியில் மட்டம் ரொம்ப இறங்கிவிட்டால் தடங்களே மூடிப்போகும். நடுத்தரமான மட்டத்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் சமயம்தான் அருமை, பரவிய மீன் எல்லாம் ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் திரும்பி வரும். 1954, 55இல் பெரும் தீ பிடித்த பிறகு, தண்ணீரைத் தேக்கினால் தீ பிடிக்காது என்று நினைத்து மேற்குப் பக்கம் சுவானி ஆறு வெளியேறும் இடத்தில் ஒரு மண்கரை போட்டார்கள். அதன் பிறகும் 2007, 2011, 2017 ஆண்டுகளில் பெருந்தீ வந்தது. இந்தச் சதுப்புக்கு வறட்சியும் தீயும் வந்துபோகும் விருந்தாளிகள் இல்லை, வீட்டுக்காரர்கள். எரிந்து குழிந்த பீட்தான் பிறகு நீர் நிரம்பிக் குட்டையாகிறது, அந்தக் குட்டையில்தான் நாம் தூண்டில் போடுகிறோம்.

கயாக் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 10 முதல் 12 அடி, மேலே உட்காரும் வகை, அகலமானது. நீளமான கடல் கயாக் குறுகலான வளைவுகளில் திரும்பாது. காலால் மிதிக்கும் வகை வைத்திருந்தால் பில்லிஸ் ஏரியில் சுகம், அல்லி இலைக்கூட்டத்தில் தலைவலி. துடுப்பும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். நங்கூரம் வேண்டாம். அடியில் கிடக்கும் சைப்ரஸ் வேரில் மாட்டினால் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் வரவேண்டும். அதற்குப் பதில் கிளையைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கிளையைப் பிடிக்குமுன் அண்ணாந்து பாருங்கள். பாம்பும் குளவிக்கூடும் அதே கிளையை விரும்பும். மோட்டார் வைத்திருந்தால் 10 குதிரைத்திறனுக்கு மேல் அனுமதி இல்லை, அதனால் பெரிய படகின் அலை வந்து மோதும் தொல்லை இங்கே கிடையாது. கயாக்கர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சட்டம் மூன்று வரியில்: 16 வயது ஆகிவிட்டால் ஜார்ஜியா மீன்பிடி உரிமம் வேண்டும். உயிருள்ள சிறு மீனை இரையாகப் போடக் கூடாது. கட்டிவைத்துவிட்டுப் போகும் தூண்டில், வலை எதுவும் கூடாது. கையில் பிடித்த கம்பு மட்டும்தான்.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

படகுத்துறையிலிருந்து ஒரு சிறிய கால்வாய் பில்லிஸ் ஏரிக்கு இட்டுச் செல்லும். ஏரி என்ற பேரே தவிர, பார்க்க அகலமான ஆறு மாதிரிதான் இருக்கும். நீளம் மூன்றரை மைல் பக்கம். மேற்கே போனால் ஓட்டத்தோடு போவீர்கள். தடம் குறுகிக் குறுகி மண்கரைப் பக்கம் கொண்டுபோய் விடும். கிழக்கே போனால் ஓட்டத்துக்கு எதிராக, பில்லிஸ் தீவைத் தாண்டி மின்னிஸ் ஏரிக்கு. துறையிலிருந்து மின்னிஸ் ஏரி சுமார் 5 மைல். காலையில் தெம்பிருக்கும்போது எதிரோட்டத்தில் கிழக்கே போங்கள். மாலையில் ஓட்டமே உங்களைத் திருப்பிக் கொண்டுவரட்டும். 5 மைலையும் முடித்தாக வேண்டும் என்று கணக்கு வைக்காதீர்கள். மீன்பிடிக்க வந்தவர் துடுப்பை அதிகம் போட்டால், தூண்டில் குறைவாகப் போட்டார் என்றுதான் அர்த்தம்.

முதல் இரண்டு மணி நேரம் ஃப்ளையருக்கு. ரீல் இல்லாத பத்தடி மடக்குக் கம்பு ஒன்று போதும். நான்கு அல்லது ஆறு பவுண்டு தங்கூஸ், கம்பின் நீளத்துக்கே. நுனியில் ஈ மாதிரி கட்டிய மஞ்சள் நிறப் பொம்மை இரை, 8 அல்லது 10ஆம் எண் முள். ஊர்க்காரர்கள் இதை சாலி என்பார்கள். நிறம் மஞ்சளாக இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு இரண்டாம் பேச்சில்லை. அதற்கு மேல் ஓர் அடி விட்டு, சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு தக்கை. ஃப்ளையர் அடியில் மேய்கிற மீன் இல்லை, நடுநீரில் தொங்குகிற மீன், அதனால் ஓர் அடிக்குக் கீழே இறக்க வேண்டாம். அல்லி இலைக்கும் திறந்த நீருக்கும் நடுவே உள்ள விளிம்பில் மெதுவாக இறக்கி, கம்பின் நுனியை ஒரு அங்குலம் அசைத்து, நிறுத்துங்கள். அசைக்கும்போது கடிக்காது. நிறுத்தியபின் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் தக்கை உள்ளே போகாமல் பக்கவாட்டில் நகரும். பாஸுக்குக் கொடுப்பது போல வெட்டி இழுத்தால் வாய் கிழிந்துவிடும், ரொம்ப மெல்லிய வாய். கம்பைச் சும்மா தூக்கினாலே போதும்.

கையில் வந்ததும் ஒரு நிமிடம் பாருங்கள். உள்ளங்கை அளவு, தட்டையாக, கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். கண்ணுக்குக் கீழே மை வழிந்தது போல ஒரு கறுப்புக் கோடு. உடம்பில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளி. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் தலைகீழாகப் பிடித்தாலும் அதே மீனாகத்தான் தெரியும். சின்ன மீனில் முதுகுத் துடுப்பின் பின்பக்கம் ஆரஞ்சு வளையத்துக்குள் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், வளர வளர மறைந்துவிடும். ஒரு இடத்தில் ஒன்று கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள், தனியாக வராது.

வார்மவுத் அதே விளிம்பில் கிடைக்காது. அடிமரம், வேர்முண்டு, தண்ணீருக்குள் சாய்ந்த கட்டை, இவற்றை ஒட்டி இருட்டில் உட்கார்ந்திருக்கும். உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய், சிவந்த கண், கண்ணிலிருந்து பின்னோக்கிப் போகும் கோடுகள். இதற்கு நண்டு, இறால் சாயலில் சிறிய ஜிக் (ஈயத் தலை வைத்த முள்), அல்லது நிஜ இறால் துண்டே போதும். கட்டையில் உரசுகிற மாதிரி இறக்க வேண்டும். ஒரு முழம் தள்ளி விழுந்தால் வெளியே வந்து எடுக்கச் சோம்பல்படும். கடித்தால் தெரியாமல் போகாது, கம்பைப் பிடித்து ஒருவர் வெடுக்கென்று இழுத்த மாதிரி இருக்கும்.

வெயில் ஏறியதும் கம்பை மாற்றுங்கள். நடுத்தர ஸ்பின்னிங் கம்பு, பதினைந்து இருபது பவுண்டு நரம்பு, தகடு சுழலும் இன்லைன் ஸ்பின்னர். போட்டு, சீராகச் சுற்றி இழுப்பதைத் தவிர வேறு வித்தை தேவையில்லை. ஜாக்ஃபிஷ்ஷும் போஃபினும் இரண்டுமே இதற்கு வரும். எது வந்திருக்கிறது என்று முதல் நொடியிலேயே சொல்லிவிடலாம். ஜாக்ஃபிஷ் புல்லுக்குள் அசையாமல் காத்திருந்து அம்பு மாதிரி பாயும். தண்ணீர் மேலேயே ஒரு கோடு விழும், அடித்துவிட்டு ஓடும், சீக்கிரம் ஓயும். பச்சை உடம்பில் சங்கிலி போட்ட மாதிரி கோலம், வாத்து மூக்கு, வாய் நிறைய ஊசிப்பல். விரலை வாய்க்குள் விடவே விடாதீர்கள். இந்த வகையில் உலகச் சாதனை மீன், 9 பவுண்டு 6 அவுன்ஸ், 1961இல் இதே பக்கம் ஹோமர்வில் ஊரில்தான் பிடிபட்டது. இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

போஃபின் விஷயம் வேறு. அது கடித்தவுடன் கட்டையில் மாட்டிக்கொண்டதோ என்றுதான் தோன்றும். பிறகு அந்தக் கட்டை மெதுவாக நகர ஆரம்பிக்கும்.

நம் ஆட்கள் முதன்முதலில் போஃபினைப் பார்த்தால் வாயில் வரும் வார்த்தை "அட, விரால்!" எத்தனையோ பேர் அப்படிச் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். உருண்டை உடம்பு, தட்டைத் தலை, முதுகு முழுக்க ஓடும் ஒற்றைத் துடுப்பு, மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் பழக்கம், குஞ்சுக்கூட்டத்துக்குக் காவல் நிற்பது, எல்லாம் விரால்தான். ஆனால் சொந்தம் துளியும் கிடையாது. போஃபின் டைனோசர் காலத்துக் குலத்தில் மிஞ்சி நிற்கும் மீன், வட அமெரிக்காவுக்கே உரியது. வித்தியாசம் பார்க்க வயிற்றுப் பக்கம் திருப்புங்கள். விராலுக்கு அடித்துடுப்பும் நீளமாக ஓடும். போஃபினுக்கு அது குட்டையாக, வால் பக்கம் ஒதுங்கி இருக்கும். ஆண் போஃபினுக்கு வாலடியில் ஆரஞ்சு விளிம்போடு ஒரு கறுப்புக் கண் பொட்டு உண்டு. இந்த வித்தியாசம் இங்கே வெறும் மீன் ஆர்வத்துக்கு மட்டுமில்லை. விரால் இனங்கள் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டவை. 2019இல் அட்லாண்டா பக்கம் க்வினெட் கவுண்டியில் ஒரு குட்டையில் வடக்கத்தி விரால் சிக்கியபோது, பிடித்தால் திரும்ப விடாமல் அங்கேயே கொன்றுவிடச் சொன்னது மாநில அரசு. அதைக் கேள்விப்பட்டவர்கள் போஃபினை விரால் என்று நினைத்துக் கொன்றுபோடுகிறார்கள், பாவம். இந்த மண்ணுக்கு உரிமைக்காரன் அவன்தான்.

கயாக்கில் போஃபினைச் சமாளிக்க ஒரே வழி பொறுமை. பக்கத்தில் வந்ததும் ஓய்ந்த மாதிரி நடிக்கும். தூக்கினால் உங்கள் மடியில் விழுந்து டப்பா, பெட்டி, கம்பு எல்லாவற்றையும் தண்ணீரில் தள்ளும். மூன்று கொக்கி சேர்ந்த மும்முள் அதன் வாயில் ஒன்றும் உங்கள் தொடையில் ஒன்றுமாக மாட்டினால் அன்றைய நாள் முடிந்தது. அதனால் ஸ்பின்னரில் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். இரண்டு தடவை ஓட விடுங்கள். உதட்டைப் பிடிக்கும் கிரிப், நீள மூக்கு இடுக்கி, இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மீன் தண்ணீரில் இருக்கும்போதே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். வசந்தத்தில் கறுப்புக் குஞ்சுக்கூட்டம் ஒன்று மேகம் மாதிரி நகர்வதைக் கண்டால் அந்தப் பக்கம் தூண்டில் போடாதீர்கள். கீழே அப்பா நிற்கிறார். அவரை எடுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் குஞ்சுகளை மற்ற மீன்கள் முடித்துவிடும்.

முதலைக்கு வருகிறேன். இருக்கிறது, நிறையவே. பத்தாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். வெயில் அடிக்கும் மார்ச் காலையில் கால்வாய் ஓரத்திலேயே வரிசையாகப் படுத்திருக்கும். இவை அமெரிக்க அலிகேட்டர், நம் ஊர் ஆற்று முதலையைவிடச் சாதுவானவை, கயாக்கைப் பார்த்தால் பெரும்பாலும் முங்கிவிடும். ஆனால் மீன்பிடிப்பவரிடம் மட்டும் அவற்றுக்குத் தனி அக்கறை உண்டு, ஏனென்றால் துடிக்கிற மீனின் ஓசை அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் இங்கே விட்டுவிடுங்கள். ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். மேல்நீரில் சலசலக்கும் இரையை ஒரு முதலை தொடர ஆரம்பித்தால் இரையை எடுத்துவிட்டு இருநூறு அடி தள்ளிப் போய்விடுங்கள். வேடிக்கைக்காகக்கூட மீன்துண்டு போடாதீர்கள். அது சட்டப்படி குற்றம் மட்டுமில்லை, அடுத்து வரும் கயாக்கை அந்த முதலை தேடிவரும். கோடையில் கரையோரம் இலைகுப்பையைக் குவித்த மேடு தெரிந்தால் அது கூடு, தாய் பக்கத்திலேயே இருக்கும், விலகிப் போங்கள். கையைத் தண்ணீரில் அளையவிட்டு உட்கார வேண்டாம். இவ்வளவுதான். உண்மையில் இந்தச் சதுப்பில் உங்களைப் படுத்தப்போவது வெயிலும் தாகமும் மின்னலும்தான். குடிதண்ணீர் தலைக்கு நான்கு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு பில்லிஸ் தீவில் இறங்கலாம், துறையிலிருந்து இரண்டு மைல் பக்கம். காலை நீட்டி நடக்க இங்கே கிடைக்கும் ஒரே உலர்ந்த தரை. ஹெபார்ட் என்ற மரக் கம்பெனி 1909இலிருந்து 1927 வரை இந்தச் சதுப்பின் பழைய சைப்ரஸ் மரங்களை ரயில் பாதை போட்டு வெட்டி எடுத்தபோது இந்தத் தீவில் ஒரு ஊரே இருந்தது. சினிமாக் கொட்டகை, ஹோட்டல் உட்பட. இப்போது துருப்பிடித்த இரும்பும் ஒரு சிறிய கல்லறைத் தோட்டமும்தான் மிச்சம். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணி ஏறும்.

அந்த இடத்தில் உட்கார்ந்தால் இந்தச் சதுப்பை எத்தனை பேர் எத்தனை விதத்தில் காசாக்கப் பார்த்தார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியாது. வடிக்கப் பார்த்தார்கள், வெட்டினார்கள். 1937இல் தேசியச் சரணாலயம் ஆனது. 2019 முதல் கிழக்கு விளிம்பில் ட்ரெயில் ரிட்ஜ் என்ற மணல்மேட்டில் டைட்டானியச் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மேடுதான் கிழக்கே தண்ணீர் வடியாமல் தடுத்து நிற்கும் வரப்பு. 2025இல் தி கன்சர்வேஷன் ஃபண்ட் என்ற அமைப்பு சுமார் 6 கோடி டாலர் கொடுத்து அந்த நிலத்தை வாங்கப்போவதாக அறிவித்தபோதுதான் பலருக்கும் மூச்சு வந்தது.

மதியத்துக்கு மேல் மீன் மந்தமாகும். அப்போது ஏரியின் ஆழமான வளைவில் இறால் துண்டை ஈயம் கட்டி அடியில் போட்டு வைத்தால் கெளுத்தி வரும். பக்கமுள் இரண்டும் முதுகுமுள் ஒன்றும் நம் ஊர்க் கெளுத்தி மாதிரியே குத்தும், அதைக் கழற்றும் கலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தென்மேற்கில் மேகம் கறுத்தால், முதல் இடிக்குக் காத்திராமல் துறையை நோக்கித் திரும்புங்கள். திரும்பும் நேரத்தை ஓட்டம் குறைத்துத் தரும், எதிர்க்காற்று கூட்டிவிடும். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது திரும்ப ஆரம்பிப்பது பாதுகாப்பு. பொழுது சாய்ந்தபின் எல்லா மரமும் ஒரே மரமாகத் தெரியும்.

சமைக்கலாமா என்ற கேள்வி. இங்கேயும் அந்தத் தண்ணீர்தான் பதில். காற்றோடு வந்து மழையில் இறங்கும் பாதரசம், அமிலமும் மட்கிய இலையும் உள்ள நீரில் உயிர்களின் உடம்பில் தங்கும் வடிவத்துக்கு மாறுகிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகும். ஆக, மற்ற மீனைத் தின்று நீண்ட நாள் வாழும் போஃபினிலும் பெரிய ஜாக்ஃபிஷ்ஷிலும் அதிகம். பூச்சி தின்னும் ஃப்ளையரில் குறைவு. எந்த நீர்நிலையில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஜார்ஜியா அரசு ஒவ்வொரு ஆண்டும் பட்டியல் வெளியிடுகிறது, போகுமுன் பார்த்துவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் போஃபினும் ஜாக்ஃபிஷ்ஷும் வேண்டவே வேண்டாம். போஃபின் சதை செத்த கொஞ்ச நேரத்திலேயே குழைந்துவிடும், ருசிக்காக இழப்பது ஒன்றுமில்லை. ஜாக்ஃபிஷ்ஷில் முள் அதிகம். ஃப்ளையரும் வார்மவுத்தும்தான் சமையலுக்கு. செதிலைச் சுரண்டி, இருபக்கமும் கீறல் போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி முழுசாக வறுங்கள். குழம்புக்கு இவை ரொம்பச் சின்னவை, சதை உதிர்ந்துவிடும், வறுவலே சரி. ஆளுக்கு நான்கைந்து மீன் போதும், மிச்சத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மகனைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம், ஆனால் தனிக் கயாக் வேண்டாம், உங்கள் கயாக்கின் முன்பக்கமும் வேண்டாம். முதலையைப் பார்த்த பையன் சட்டென்று எழுந்து நின்றால் இருவரும் தண்ணீரில் இருப்பீர்கள். பூங்காவிலேயே தட்டையடி அலுமினியப் படகு வாடகைக்குக் கிடைக்கும், அவனோடு போகும் நாளில் அதை எடுங்கள். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஓடும் படகில் உயிர்காப்புச் சட்டை போட்டே இருக்க வேண்டும் என்பது ஜார்ஜியா சட்டம். அவனைப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் கழற்றி வைக்காதீர்கள். அவனுக்கு உரிமம் தேவையில்லை. மஞ்சள் சாலி கட்டிய மடக்குக் கம்பை அவன் கையில் கொடுத்து, தக்கை நகர்ந்தால் தூக்கு என்று மட்டும் சொல்லுங்கள். முள்ளின் கொக்கிப் பல்லை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் சுலபம், அவன் விரலுக்கும் சுலபம். காலை பதினொரு மணிக்குள் கரைக்குக் கூட்டிவந்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் அடுத்த முறை வர மாட்டேன் என்பான்.